ஐந்தாம் வகுப்பு, பக்கம் 64

கச்சான் என்று எழுதியிருந்தாள் ஜெனிஃபா.
தென்மேற்கிலிருந்து வீசும் காற்று எது,
ஒரு மதிப்பெண்.
விடைக்குறிப்பில் பருவக்காற்று என்றிருந்தது.
சிவப்பில் சுழித்தேன்.
அன்று மூக்கையூரில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை,
கச்சான் அடித்ததால்.

பிறகொரு சுற்றறிக்கை:
பாடத்திட்டம் திருத்தப்படுகிறது,
கருத்துகள் வரவேற்கப்படுகின்றன,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
நாற்பத்தெட்டில் எழுதி அனுப்பினேன்.
ஏன் என்னைக் கூப்பிட்டார்கள் என்று இன்றும் தெரியாது.
மாவட்டத்துக்கு ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம்.

சாயல்குடி வரை மினிபஸ்,
ராமநாதபுரத்தில் ரயில்,
விடிந்தால் எழும்பூர்.
குளிரூட்டிய அறையில் மூன்று நாள்,
நெய் வடிகிற பொங்கல்.

இந்தப் பாடம் நீக்கப்பட்டுவிட்டது என்றார் ஒருங்கிணைப்பாளர்.
யாரால் என்று கேட்டேன்.
(ஏழாம் வகுப்புக்குச் செயப்பாட்டுவினை நடத்துகிறவள் நான்.
செய்தவர் ஒளிந்துகொள்ளும் வாக்கியம் என்றுதான் சொல்லித் தருவேன்.)
வல்லுநர் குழுவால்.
வல்லுநர் எதிரேதான் இருந்தார்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி
கலைத்திட்டம் அப்படிச் சொல்கிறது என்றார்.
கலைத்திட்டம் மேசைமேல் இரண்டு தொகுதியாகக் கிடந்தது.
அது ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான்கு மணிக்கு
ஒரே ஒரு பக்கம் மிச்சம்.
தாளுக்கு டெண்டர் முடிந்துவிட்டது, கூட்ட முடியாது.
கேட்டவர்கள் இரண்டு பேர்.
என்னுடைய காற்றுகள்.
கொல்லிமலைப் பொன்னுவேலின் தேன்:
எந்த மாதம் எந்தப் பூ, எந்தத் தேன் கசக்கும்,
கூட்டில் எவ்வளவை விட்டுவிட்டு இறங்க வேண்டும்.
மதியம்தான் அவர் ஊறுகாயை எனக்கும் வைத்திருந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள்.
நமக்கு நாமே தூக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.
நான் தூக்கினேன்.
பொன்னுவேல் தூக்கவில்லை.
ஆறுக்கு ஐந்து.

ஜூனில் புத்தகம் வந்தது.
சாம்பல் கட்டத்துக்குள் பக்கம் 64,
மேலே நட்சத்திரம்:
கூடுதலாக அறிவோம், தேர்வுக்கு உரியதன்று.
வாடை, கொண்டல், கச்சான் சரியாக இருந்தன.
சோளகத்துக்குப் பக்கத்தில்
ஓவியர் ஒரு சோளக்கதிர் வரைந்திருந்தார்.

கடைசி உள்ளட்டையில், எறும்பெழுத்தில், என் பெயர்.
ஜெனிஃபாவின் அம்மா டெலஸ்பின் அதைப் பார்த்துவிட்டார்.
பாசி எடுத்துத் திரும்பிய நேரம்,
விரலில் சுற்றிய துணிகூட அவிழ்க்கவில்லை.
"நம்ம காத்துதான் டீச்சர். பரீச்சைக்கு வராதுன்னா
பிள்ளைக படிக்குமா?
யாரு இப்படி முடிவு பண்ணது?"
பெயர்மேல் விரலை வைத்தபடியே கேட்டார்.
ஈரம் தாளில் ஊறிக்கொண்டிருந்தது.

முடிவு செய்யப்பட்டது என்று சொன்னேன்.
அந்த வாக்கியம் என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஜெனிஃபா இப்போது ஏழாம் வகுப்பில்.
அந்த ஒரு மதிப்பெண் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று பொன்னுவேல் அழைத்தார்.
தேனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கச்சான்னா எப்படி இருக்கும்னு பிள்ளைங்க கேக்குது டீச்சர்,
என்ன சொல்லட்டும்?
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது,
மணல் பறந்து வந்து மேசையெல்லாம் விழுந்தது.

ரொம்ப இரைச்சலா இருக்கு என்றார்.
ஒண்ணும் கேக்கல.