செவ்வாய் என்று நினைத்து

தம்பெரேயில், ரயில் நிலையத்துக்கு எதிரே
செருப்புத் தைத்துச் சாவி வெட்டும் கடை என்னுடையது.
இருபத்தொரு வருடமாய்
ஊரில் பாதிக் கதவுகளுக்கு என் கையால் சாவி போயிருக்கிறது.
என் வீட்டுச் சாவியை மட்டும்
இந்தக் குளிர்காலத்தில் ஐந்தாம் முறை தொலைத்தேன்.

மருத்துவர் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தார்.
ஆட்டிசம் என்று ஒரு பெயர். ஏ.டி.எச்.டி. என்று இன்னொன்று.
ஒரே ஆளுக்கு இரண்டா என்றேன்.
ஒருத்தி வரிசை கலையக் கூடாது என்கிறாள்,
மற்றவள் கலைத்துப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறாள்.
இருவருக்கும் சாப்பாடு என் சம்பளத்தில்தான்.

"நாற்பத்தாறு வயசில் இதெல்லாம் எதற்கு?"
அக்கா ரைலி கேட்டாள்.
பதில் தெரியும். வாய்க்கு வர மூன்று நாள் பிடித்தது.
அதற்குள் அவள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றிரவு தூங்கவில்லை.
சோம்பேறி, திமிர், கல்நெஞ்சு, கவனக் கோளாறு
என்று யார் யாரோ கொடுத்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.
ஒன்றுகூட எந்தப் பூட்டிலும் நுழையவில்லை.
இத்தனை நாள் அழுத்தித் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.
பேருந்துக்கு நிற்கும்போதுகூட ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி.
உனக்கு ஏற்ற ஊர்தானே என்பார்கள்.
எந்த மௌனம் மரியாதை, எது கோபம் என்று
மற்றவர்களுக்குப் பிறவியிலேயே தெரிந்திருந்தது.
நான் சுழல்தகட்டுப் பூட்டைப் பற்றி
முக்கால் மணி நேரம் பேசிவிட்டு நிமிர்வேன்.
எதிர் நாற்காலி காலியாக இருக்கும்.

எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில்
சலவை அறைக்கும் சவுனாவுக்கும் நடுவே ஓர் அறை.
கதவில் ஒட்டியிருந்தது:
செவ்வாய், ஆறு மணி. பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.
இரண்டு வாரம் துணியை மட்டும் துவைத்துவிட்டு ஏறி வந்தேன்.
மூன்றாம் வாரம் துணியே இல்லாமல் இறங்கினேன்.

டியூப் லைட்டை அணைத்து மேசை விளக்கு வைத்திருந்தார்கள்.
தைமி தரையில், வெந்நீர்க் குழாயில் முதுகைச் சாய்த்து.
சைலா தொடங்கிய கதை பாதியில் வேறொன்றானது,
அதிலிருந்து மற்றொன்று.
யாரும் பிடித்து இழுக்கவில்லை.
ஒரு மணி நேரம் கழித்து முதல் கதை தானாகவே முடிந்தது.
போகிறவர்கள் சொல்லாமல் போனார்கள்.

நான் பேசினேன். நிறுத்தினேன். மன்னிக்கவும் என்றேன்.
லிஃப்ட் பழுதுபார்க்கும் வெய்யோ
விளக்கைப் பார்த்தபடி கேட்டார்:
"ஏழாவது தகட்டில் நின்றீர்கள். அதற்கு அப்புறம்?"

அதற்கு அப்புறம் நான்கு தகடுகள் இருந்தன.
சொன்னேன். குரல் ஏன் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன்.
பிப்ரவரியில் ஒரு நாள்
மேசையில் நான் விரலால் தட்டிக்கொண்டே இருக்க,
"நிறுத்து, நிறுத்து!" என்று காதைப் பொத்திக் கத்தினாள் சைலா.
எனக்குத் தட்டாமல் கேட்க வராது. அவளுக்கு அந்தச் சத்தம் ஆணி.
மூன்று வாரம் போகவில்லை.
இங்கேயும் அப்படித்தானா என்று
சாவி அறுக்கும் எந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மாலை இறங்கினேன்.
கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டில் சைலா,
தொப்பியில் பனி இன்னும் உருகாமல்.

"செவ்வாய் என்று நினைத்து வந்தேன்."
"நானும்."

புதன்.

வயிறு வலிக்கச் சிரித்தோம், சலவை எந்திரம் ஒன்று நின்றேபோனது.
பையிலிருந்து ஒரு கம்பளிச் சதுரத்தை எடுத்துப் படியில் வைத்தாள்,
பச்சை நிறம், இரண்டு விரல் கனம், ஓரம் கோணல்.
"இதன் மேல் தட்டு."
தட்டினேன். சத்தம் வரவில்லை.
மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்தாளாம்.
கொடுக்க வந்து, கொடுக்க மறந்து.

அந்த அறைக்கு இருந்தது ஒரே சாவி, வெய்யோவிடம்.
அதை வாங்கி மறுநாள் ஒன்பது நகல் வெட்டினேன்.
கூலி வாங்கவில்லை. ரசீது மட்டும் போட்டேன்,
போடாவிட்டால் ராத்திரி உறக்கம் வராது.

என்னுடையதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.
சாயங்காலம் யாராவது திறப்பார்கள்.
இன்று செவ்வாய்தானே?