ரசமட்டம்

வியாழக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்த பிறகு
வலது ஓரத்தில் யாரோ வெல்டிங் வைத்தார்கள்.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
தரமணியில் மழை இல்லை, மின்னல் இல்லை,
எதிர்மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.
கண்ணை மூடினேன்.
உள்ளேயும் வெல்டிங்.

வெள்ளிக்கிழமை. பெரும்பாக்கம், பதினோராவது மாடி.
வெள்ளை டைல்ஸ் மேல் கறுப்பாய்த் தூள்.
ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை.
சுவரைப் பார்த்தேன், சுவரிலும் அதே தூள்.
பார்வை போன பக்கமெல்லாம் நீந்தி வந்தது.
நான் நின்ற பிறகு
ஒரு கணம் தாமதித்து நின்றது.

மெடிக்கலில் சொட்டு மருந்து, அறுபத்தெட்டு ரூபாய்.
"சிமெண்ட் தூசிண்ணா, ரெண்டு நாள்ல போயிடும்."
எனக்கும் அப்படி நம்பத்தான் வசதி.
திங்கட்கிழமை அந்த ஃப்ளாட்டில்
ஒரு குடும்பம் பால் காய்ச்சப்போகிறது.
ஹால் முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் நூல் பிடித்தோம்.
"திலேஷ்வர், லைன் கோணல்."
"சீதா இருக்கு அண்ணே."
"கோணல்டா."
ரசமட்டத்தை வைத்துக் காட்டினான்.
குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவே
அசையாமல் நின்றது.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை
தப்பு என் பக்கம்.

இடது கண்ணைப் பொத்தினேன்.
மூக்கோரம், கீழிருந்து, சாம்பல் நிறத்தில்
ஏறிக்கொண்டிருந்தது,
அந்த டிசம்பரில் வேளச்சேரி வாசற்படியில்
தண்ணீர் ஏறிய மாதிரி,
சத்தமே இல்லாமல்.

வலித்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் வியாழக்கிழமையே ஓடியிருப்பேன்,
சொத்தைப் பல்லுக்கு ராத்திரி ஒரு மணிக்கு
ஓடியவன்தானே.

போனில் மங்களேஸ்வரி.
"திங்கட்கிழமை வேலை முடிச்சிட்டுப் போறேன்" என்றேன்.
"ஆட்டோ ஏறியாச்சா, இல்லையா?"
"கேளு..."
"ஏறிட்டுக் கூப்பிடு."

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி.
மருந்து விட்டு, பாப்பா விரியக் காத்திருந்து,
நெற்றியில் விளக்குக் கட்டிய டாக்டரம்மா
மேலே பாரு, கீழே பாரு, காதைப் பாரு என்றார்.
"எப்போலேர்ந்து?"
"வியாழக்கிழமை."
அவர் காலண்டரைப் பார்க்கவில்லை,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"விழித்திரையில கிழிசல். அது வழியா தண்ணி இறங்கி
திரை கழண்டுகிட்டு வருது.
நடுப்பாகம் இன்னும் ஒட்டியிருக்கு,
அது போறதுக்குள்ள செய்யணும்.
மொத நாளே வந்திருந்தா
லேசரோட போயிருக்கலாம்."

இவ்வளவு சொல்லவே வேண்டாம் எனக்கு.
அடியில் கலவை பிடிக்காத டைல்ஸ்.
மேலே பளபளக்கும்.
ஒரு ரூபாய் காசால் தட்டினால்தான்
'டொக்'.
கண்ணைத் தட்டிப் பார்க்க முடியாது.
அதுவாகத்தான் உள்ளிருந்து தட்டியது,
வெளிச்சத்தால்.
நான் ஜன்னலைத் திறந்து
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆறு நாள் குப்புற.
கண்ணுக்குள் காற்றடைத்து
திரையைச் சுவரோடு அழுத்தி வைத்திருந்தார்கள்.
சாப்பிட எழுந்தால்
பார்வையின் அடியில் குமிழி ஆடியது.
"மேலதான் இருக்கு, உங்களுக்குத் தலைகீழா தெரியும்."
கண்ணுக்குள்ளயே ரசமட்டம் வெச்சிட்டாங்க என்றேன்.
மங்களேஸ்வரி சிரிக்கவில்லை.
கூலி போன நாள்களை
கேஸ் புத்தகத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

இடது கண்ணுக்குக் கிடைத்தது
வாடகை வீட்டுத் தரை மட்டும்.
எவனோ அவசரத்தில் போட்டது.
இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு அகலம்.
கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, படுத்தபடியே
காசால் தட்டிக்கொண்டு போனேன்.
நாலாவது வரிசை, மூன்றாவது:
டொக்.

குமிழி கடுகாகி, ஒருநாள் காணோம்.
இப்போதும் வலது கண்ணில்
ஒரு ஜன்னல் கம்பி மட்டும்
லேசாக இடுப்பை வளைத்து நிற்கிறது.
தினம் காலையில் ஒரு கண்ணைப் பொத்தி
மறுகண்ணால் கம்பி எண்ணுகிறேன்,
ஜெயிலுக்குப் போகாமலே.

குனியலாம் என்று டாக்டர் சொன்ன அன்று
கட்டிலை நகர்த்தினேன்.
"மாசம் பொறக்கட்டும், பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.
அதற்குள் உளி
டைல்ஸுக்கு அடியில் போயிருந்தது.