மூன்றாவது கவுண்டர்

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
நூற்றுப் பதினொரு பேர்.
பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள்
மணி அடித்துவிடுகிறது என்றார்
தலைமையாசிரியை முனிரத்தினம்மா.
மாநகராட்சிப் பொறியாளர் பதில் சொல்லாமல்
டேப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.
வரிவசூல் கூடத்தை இருவரும் அளந்தார்கள்,
என் நாற்காலியை இரண்டு முறை நகர்த்தி.

கோப்பு கிருஷ்ணகிரி போய் ஓசூர் திரும்ப
நாற்பது நாள்.
அதற்குள் சிப்காட் பக்கமிருந்து
இன்னும் பதினாறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது மாடிப்படிக்கு அடியில்
ரசீது போடுகிறேன்.
நேற்று அந்தப் பக்கம் போனேன்.
'சரியான சில்லறை தரவும்' அழியவில்லை.
கண்ணாடி ஓட்டை வழியே
ஒரு கை வெளியே வந்தது:
"சார், சாக்பீஸ் இருக்கா?"

பழக்கதோஷம்,
கதவு எண் கேட்டேன்.
"ஏழு ஆ."