ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் காட்டினால்
நெல்லை இறக்க மாட்டோம்.
புதுவயல் ஆலையில் பதினோரு வருஷமாக
அந்த எண்ணை நோட்டில் ஏற்றுகிறவள் நான்.
கருவியின் வாயில் ஒரு பிடி போட்டுத் திருகினால்
எவ்வளவு ஈரமென்று சொல்லிவிடும்.
என் இடது கைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.
தையல் டேப்தான்.

பல் துலக்கும் முன் ஐந்து இடத்தில் சுற்றி அளக்கிறேன்.
மேல்கை நேற்று முப்பத்தாறு,
இன்று முப்பத்தேழு.
ராத்திரி எங்கிருந்து வந்தது
இந்த ஒரு சென்டிமீட்டர்?

மார்பை எடுத்தபோது
அக்குளிலிருந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள்.
வரத்துக்கால் தூர்ந்தால் ஊருணி வறளும்.
எனக்குத் தூர்ந்தது போக்கு.

நீவுவதைக் கழுத்திலிருந்து தொடங்கணும்க்கா,
மதுரையில் ஷெர்லி சொல்லிக்கொடுத்தாள்,
முன்வண்டி நகர்ந்தாத்தானே பின்வண்டி நகரும்.
தை மாசத்தில் எங்கள் எடைமேடை வாசலில்
மெயின் ரோடு வரை நிற்கும் டிராக்டர்களை
அவள் பார்த்திருக்க வழியில்லை.

கையை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
ஆகவே டவுன் பஸ்ஸில்
கோட்டையூர் தாண்டியும் சீட் கிடைக்காதது
வைத்தியத்தில் சேர்த்தி.
கம்பியில் தொங்கும் கையைப் பார்த்து
பூக்கூடைக்காரம்மா கேட்டது,
யானைக்கால் கையிலயும் வருமா?
வரும் என்றேன்.
நல்லவேளை என் ஸ்டாப் வந்துவிட்டது.

பத்துக்கு எவ்வளவு வலி என்கிறார் டாக்டர்.
கணக்கெழுதுகிறவளிடம் தோராயம் கேட்கிறார்.
ஐந்து என்றால்,
பேனா பிடிப்பது அந்தக் கையில்லை என்ற நிம்மதியைக்
கழித்தபின் மிஞ்சும் ஐந்து.
ஆறு, தலை பின்ன முடியாத நாள்.
ஏழுக்கு மேல் நான் பதில் சொல்வதில்லை,
சுவரைப் பார்ப்பேன்.

உமி ஒன்று உறைக்குள் போனது போன ஆவணியில்.
சாயங்காலம் கை சிவந்தது, ராத்திரி நடுக்கம்.
சிவகங்கை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்.
வலது கையில் போடுங்க, வலது கையில் போடுங்க,
ஷிப்ட் மாறும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி
மூன்றாம் நாள் மார்க்கர் வாங்கி
இடது கையில் எழுதினேன்:
இதில் இல்லை.
அழியப் பத்து நாள் ஆனது.

இன்று காலை வலது கையும் ஒத்துழைக்கவில்லை.
கட்டுத்துணியைப் பையில் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தேன்.
சாக்கு தைக்கும் முத்துராக்கு
ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு
கொடுங்க என்றாள்.
விரலிலிருந்து தொடங்கணும்,
போகப்போகத் தளர்த்தணும், சொல்லிக்கொண்டே இருந்தேன்.
அவளுக்குத் தளர்வு தெரியாது,
அறுபத்திரண்டு கிலோவுக்குக் கட்டிப் பழகியவள்.
ஏ, இது மூட்டை இல்லடி.
பின்ன என்னவாம், என்றாள்
அவிழ்த்து முதலிலிருந்து சுற்றியபடி,
வாயைத் தைக்க முடியாத மூட்டை.

சிரித்தேன். சிரித்ததும் தோளில் இழுத்தது.
மூன்றாம் தடவை சரியாக வந்தது.
என்னைவிட நேர்த்தி, மடிப்பு ஒன்றில்லை.
நாளைக்கும் இவளிடம் கேட்கலாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
கேட்டுவிட்டால் தினமும் கேட்கவேண்டி வரும்.

மத்தியானம் ஆராவயல் லோடு.
பத்தொன்பது காட்டியது.
களத்தில் கொட்டி ரெண்டு வெயில் காட்டுங்க,
தானாக் குறையும் என்றேன்.
சம்சாரி என் கையைப் பார்த்துவிட்டு
நெல்லைப் பார்த்தார்.

வீட்டில் கட்டை அவிழ்த்தால்
தோலில் சாக்கு நெசவாகத் தடம்.
அழுத்தினால் விரல் பதிந்த குழி
நின்று நிதானமாக மேலேறும்.
துணியை அலசி மாடிக்கொடியில் போடுகிறேன்.
செக்காலை ரோட்டில் ஹாரன்கள்,
கீழ்வீட்டில் யாருக்கோ மீன் வறுபடுகிறது.
காரைக்குடிக் காற்றுக்கு
அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும்
ஆறு மீட்டரும்.

அதைச் சுருட்டத்தான்
இரண்டு கை வேண்டும்.