எதிர்த்திசையில் பதினாறு வோல்ட்

டைனமோ திரும்பி வந்தது செவ்வாய்க்கிழமை,
குளித்துத் தலைவாரிய பிள்ளை மாதிரி.
புது பிரஷ், புது பேரிங், புதுச் சுருள்,
மேலே பளபளக்கும் கறுப்புப் பெயின்ட்.
ரசீது இரண்டாயிரத்து நானூறு ராண்ட்.
சனிக்கிழமைக் கல்யாணத்தின் முன்பணம்
அப்படியே அதற்குள் போய்விட்டது.

மாட்டினேன். சாவி திருப்பினேன்.
மோரிஸ் மைனர் இருமி எழுந்தது.
முகப்பில் அந்தச் சின்னச் சிவப்புப் பொட்டு
மிதித்தால் மங்க வேண்டும்.
மிதிக்க மிதிக்க
இன்னும் சிவந்தது.
கன்ட்ரோல் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம்,
மூடியின் இடுக்கில் நீலப் பொறி.
எஞ்சினை நிறுத்திவிட்டு
தீனா படையாச்சிக்குப் போன் போட்டேன்.

"பெஞ்சில நல்லா ஓடுச்சு, மோகி."
"காரில ஓடலியே."
"அப்ப உன் காரைத்தான் பாக்கணும்."
டோங்காட்டில் அவன் முதுகுக்குப் பின்னால்
கிரைண்டர் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

பத்தொன்பது வருஷம் ஷூ மேல்தோல் தைத்தவள் நான்.
ஃபாக்டரி மூடியபோது கொடுத்த காசில்தான் இந்த வண்டி.
நூல் அறுந்தால் முதலில் ஊசியைப் பார்,
பிறகு பாபினைப் பார்,
மெஷினைத் திட்டுவது கடைசியில்.
அதே வரிசையில் போனேன்.

பெல்ட், கட்டைவிரலுக்கு அரை அங்குலம் இறங்கியது. சரி.
பிரஷ் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.
பிராக்கெட்டுக்கு அடியிலும் பெயின்ட் பூசியிருந்தான் புண்ணியவான்;
உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன்.
விளக்கு மசியவில்லை.

வியாழன் இரவு எட்டுக்குக் கரண்ட் போனது,
அட்டவணைப்படி.
ரெய்ஸ்தோர்ப் முழுக்க இருட்டு.
எங்கோ ஒரு வீட்டின் பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டும்
வசதியாக முனகிக்கொண்டிருந்தது.
ஊரே கரண்டுக்குக் காத்திருக்க
பானட்டுக்குள் தலையை விட்டு
நான் தேடியது பன்னிரண்டு வோல்ட்.

பக்கத்து வீட்டு நோக்வாஸி
நர்ஸ் உடுப்போடு டிரைவர் சீட்டில் ஏறினாள்.
டியூட்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.
"எவ்வளவு அழுத்தணும்?"
"கோபம் வந்த மாதிரி. ரொம்பக் கோபம் வேண்டாம்."

இரண்டு வயரையும் கழற்றி
டி-யையும் எஃப்-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து
மீட்டரின் சிவப்பை இரும்பிலும்
கறுப்பை முனையிலும் வைத்தேன்.
பழைய பிரிட்டிஷ் வண்டி,
உடம்பெல்லாம் பாசிட்டிவ்.
உலகத்துக் கார்கள் மாறிய சேதி
இதற்கு இன்னும் வரவில்லை.

முள் ஏறவில்லை.
பூஜ்யத்துக்குக் கீழே பாய்ந்து
ஆணியில் முட்டி நடுங்கியது.

என் கைதான் தப்பு செய்தது என்று
டார்ச்சைப் பல்லில் கடித்து மறுபடி பார்த்தேன்.
தப்பில்லை.
கம்பிகளை மாற்றிப் பிடித்தேன்.
பதினாறு.
திடமான, வெட்கமில்லாத பதினாறு!

செத்த பிணமென்று மூன்று நாள் திட்டினேன்.
அது முழு மூச்சாக உழைத்திருக்கிறது,
பாட்டரிக்கு எதிராக.

தீனாவின் பெஞ்சில் எல்லா வண்டியும் ஒரே ரகம்,
மைனஸ்தான் மண்.
அவன் ஊட்டிய காந்தத்தை
இரும்பு அப்படியே நம்பிவிட்டது.

வைத்தியம் அரை வினாடி.
பாட்டரியின் உயிர்முனையிலிருந்து ஒரு கம்பி,
எஃப் மேல் ஒரு தொடல். சுள்.
இன்னொன்று. சுள்.
"அவ்வளவுதானா?" என்றாள் நோக்வாஸி.
எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கட்-அவுட்டின் கருகிய முனையை
அவள் கைப்பையிலிருந்த நகம் தேய்க்கும் அரத்தால் உரசி,
வயர்களை மாட்டி, மிதிக்கச் சொன்னேன்.
சிவப்பு மங்கியது, இழுத்தது,
ஒருமுறை திரும்பிப் பார்த்தது,
போய்விட்டது.

அவளுக்கு நேரமாகிவிட்டது. நானே கொண்டுபோய் விட்டேன்.
ஒல்ட் கிரேடவுன் சாலையில் ரோபோக்களும் செத்திருந்தன;
ஒவ்வொரு சந்தியிலும் நின்று
சாலையைப் பார்க்காமல் முகப்பைப் பார்த்தேன்.
இருட்டு. நல்ல இருட்டு.

நாளை தீனாவைக் கூப்பிட வேண்டும்,
பெஞ்சில் ஓடியது உண்மைதான் என்று சொல்ல,
பிறகு மீதியையும் சொல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கியபோது
எஞ்சினை நான் அணைக்கவில்லை.
நம்பிக்கை இருக்கிறது,
சாவியைத் தொடும் அளவுக்கு இல்லை.