சனிக்கிழமை, பொழுதோட

வெள்ளிக்கிழமை பொழுது எறங்கினால்
எப்சிபா பாதித் தைத்த பனியனை
ஊசிக்கடியிலேயே விட்டு எழுந்துவிடுவாள்.
"இன்னும் நாலு டஜன் கெடக்குது தாயி!"
சூப்பர்வைசர் கத்துவது
குழாயடியில் கைகழுவுகிறவளுக்குக் கேட்காது.

நான் கட்டிங் மாஸ்டர்.
சனி இரவு எட்டரைக்குச் சம்பளக் கவர்,
ஞாயிறு காலை சலவைச் சட்டை,
ரயில்வே கேட்டுக்கு அக்கட்டால எங்கள் கோயில்,
பதினொன்றரைக்கு அரைக்கிலோ ஆட்டுக்கறி.
தாராபுரத்தில் பாட்டன் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து
எங்கள் வாரம் இப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.
ஒரு நாள் முன்னேபின்னே, அவ்வளவுதானே
என்று சிரித்தவன் நான்.
எட்டு வருசமாய் எங்கள் லைன் வீட்டில்
ரெண்டு பேரும் சேர்ந்து சும்மா உட்கார
ஒரு கிழமை இல்லை.

"மாத்துனது ஆருங்க?"
முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள்.
"கற்பலகையில எழுதுனவரா?
ரோமாபுரியில சூரியனைக் கும்புட்ட ராசா
கச்சேரியை மூடு, கடையை மூடுன்னான்.
நீங்க இன்னும் அவனுக்கு
அட்டெண்டன்ஸ் குடுத்துட்டிருக்கீங்க."

"ராசா பொறக்கறதுக்கு முந்தியே
வெடியால கூடி அப்பம் பிட்டாங்க புள்ள.
கல்லறை காலியான நாளு அது.
அவரு செத்துக்கெடந்த கெழமையையா
கொண்டாடச் சொல்றே?"

"செத்துக்கெடந்தாலும்
ஓய்வுநாளை மீறலைங்களே."

கத்தரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அம்மா செத்தது ஒரு சனிக்கிழமை.
சனிப்பொணம் தனியாப் போகாதென்று
பெட்டியில் கட்டக் கோழிக்குஞ்சு தேடினார்கள்
பக்கத்து வீட்டுக்காரர்கள்.
போதகர் தேவசித்தம் அதட்டி நிறுத்தினார்.
"நல்ல நாளாப் பாத்துத்தான்
படுத்திருக்காங்க அத்தை"
என்றவள் இவள் ஒருத்திதான்.
அதற்காக அன்றைக்கு அவளோடு பேசவில்லை.
அதற்காகவே அப்புறம் பேசினேன்.

பிறகு கரண்டு இல்லாத வருசம் வந்தது.
மின்வாரியம் ஊரைக் கூறுபோட்டதில்
எங்கள் ஃபீடருக்குச் சனிக்கிழமை பவர் ஹாலிடே.
மேனேஜர் போர்டில் ஒட்டினார்:
சனி விடுமுறை. ஞாயிறு வேலை.
வராதவர்களுக்கு போனஸில் பிடித்தம்.

ராசா இல்லை, சங்கம் கூடவில்லை.
ஓர் உதவிப் பொறியாளர் கையெழுத்தில்
நாள் மாறிவிட்டது.
கேலி செய்வாளென்று பார்த்தேன்.
டிபன் பாக்ஸில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தாள்.

முதல் ஞாயிறு.
நாற்பது அடுக்குத் துணி மேல் கத்தி மெஷின் ஓடுகிறது.
கோயில் மணி அடித்தது.
எத்தனை அடித்ததென்று எண்ண முடியவில்லை.
எட்டு வருசத்தில் வாரமொரு நாள்
அவள் இழந்த கூலி எவ்வளவு?
சாக்பீஸால் துணி மேலேயே கணக்குப் போட்டேன்.
ஒரு பவுன் சங்கிலி தாண்டி,
வீட்டு அட்வான்ஸ் தாண்டி,
அழித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேலைக்குப் போகவில்லை.
கோயில் முடிந்து கறியோடு வந்தால்
வீடு பூட்டிக்கிடக்கிறது.
அவளுக்கு அது வேலைநாள்.

ஆனாலும் சனிக்கிழமை பகல் எங்களுக்கு வாய்த்தது.
சாயப்பட்டறையும் ஓடாததால்
நொய்யல் அன்றைக்குச் சிவக்கவில்லை.
ஆறும் உங்க கட்சிக்குப் போயிருச்சு என்றேன்.
சிரித்தாள். வியர்வையோடு
மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம்.
மின்கம்பத்துக்குப் பின்னால் பொழுது எறங்கியது.

"உங்க கணக்குல நாளு பொழுதோட தொடங்குது.
அப்ப உன்னுது முடியற எடத்துல
என்னுது ஆரம்பிக்குதில்ல?
நடுவால ஒரு நிமிசம்,
ரெண்டு பேருக்கும் பொதுவா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"நடுவால ஒண்ணுமில்லீங்க.
ஒண்ணு முடிஞ்சாத்தான் ஒண்ணு."

கரண்டு வந்தது.
தெருவில் யார் வீட்டிலோ டிவி தொடங்கியது.
சரி, எனக்கு ஓய்வுநாள் பொறந்துருச்சு
என்று காலை நீட்டினேன்.

எச்சில்தட்டு ரெண்டையும் என் மடியில் வைத்தாள்.
"நீங்க ராத்திரி பன்னெண்டு மணிக்காரருங்க.
இன்னும் அஞ்சரை மணி நேரம் கெடக்குது.
தேயுங்க."