கல் இருந்த இடம்

சர்வேயர் திங்கட்கிழமை வருகிறார்.
இன்று சனி.
நகைக்கடை ரோஸ் தாளில் நாலாய் மடித்து
செல்லம்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து
உசிலம்பட்டி வரைக்கும்
வலது கையைத் திறக்கவில்லை நான்.
இலவச டிக்கெட்டைக் கண்டக்டர் நீட்டியபோதும்
இடது கையால்தான் வாங்கினேன்.
முறைத்தார்.

உள்ளே இருப்பது
துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு.
அதற்குள்தான் கிடக்கிறது
என் ஒன்றரை அடி நிலம்.

போன் செத்துப் பத்து மாதம்.
மாட்டுத் தொட்டியில் விழுந்தது,
அரிசிக்குள் புதைத்தும் எழும்பவில்லை.
புதுப் போனில் இந்தக் கார்டுக்கு வாயே கிடையாது.
"இப்ப எல்லாம் அப்படித்தான் வருது" என்றார்கள்.

தேனி ரோட்டில் சிக்கந்தர் கடை.
அவனுக்கு இப்போதுதான் மீசை வருகிறது.
புரட்டிப் பார்த்தான்.
பள்ளிக்கூடத்து அழிரப்பரால்
கார்டின் பித்தளைப் பற்களைத் துலக்கினான்.
இன்னொரு பெரிய கார்டின் வயிற்றில் செருகி
கம்ப்யூட்டரின் விலாவில் குத்தினான்.

திரையில் ஒரு கேள்வி வந்தது.
"என்ன கேக்குது?"
"ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குதுக்கா."
"பண்ணச் சொல்லேன்."
"ஐயோ, ஆமான்னு அமுக்குனா
மொத்தமும் தொடைச்சுரும்."

வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டு
வீட்டை இடிக்கட்டுமா என்கிற மாதிரி
எவ்வளவு மரியாதையான கேள்வி.

வேண்டாம் என்று அமுக்கினான்.
உருவி, ஊதி, மறுபடி குத்தினான்.
மூன்றாம் தரம் திறந்தது.

ரேஷன் கார்டு முன்பக்கம்.
ரேஷன் கார்டு பின்பக்கம்.
யூரியா மூட்டையில் போட்டிருந்த விலை.
யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜா, நாற்பது தடவை.
தம்பி மகள் காதுகுத்து, பாதிக்குக் கீழே சாம்பல் பூசி:
தாய்மாமன் முகம் இருக்கிறது,
மடியில் பிள்ளை இல்லை.

"கீழ போ தம்பி, கீழ போ."

கன்று வந்தது.
பிறந்து அரை மணி நேரத்தில் எழுந்து நின்ற செவலை.
அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நான்.
பின்னால் கிணற்றுக் குழாய்.
குழாய்க்கு இந்தப் பக்கம்
கல்.

இந்தப் பக்கம்.
என் பக்கமாக ஒன்றரை அடி தள்ளி.

அந்தப் பக்கம் என்றுதான்
மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன்.
பஞ்சாயத்தில் சொன்னேன், ஸ்டேஷனில் சொன்னேன்,
சூடம் அணைத்துச் சொன்னேன்.
பொய் இல்லை.
கண்ணை மூடினால் இப்போதும்
அங்கேதான் நிற்கிறது.

"படம் திரும்பி விழுந்திருக்குமோ?"
"மூக்குத்தி எந்தப் பக்கம்க்கா?"
தொட்டுப் பார்த்தேன்.
திரையில் இருந்தவளுக்கும்
அதே பக்கம்.

மூக்கைப் பெரிதாக்கிக் காட்டியவன்
கல்லையும் பெரிதாக்கினான்.
கல்லின் மேல் ஒரு நிழல்.
தூக்கிய இரண்டு முழங்கை,
உச்சியில் சும்மாடு.

படம் எடுத்தவளின் நிழல்.
புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு
சும்மாட்டை எடுக்காமலே என் போனை வாங்கிய
மாயக்காள்.
ஒச்சுக்காளையின் பெண்சாதி.
வழக்கில் எதிர்க்கட்சி.
ரேஷன் வரிசையில் எனக்கும் அவளுக்கும் நடுவே
இரண்டு ஆளாவது நிற்கும்படி
பார்த்துக்கொள்கிறோம்.

"கன்னு நல்லாத்தான் நிக்குது,
நீதான்டி முழிக்கிற."
அன்றைக்கு அவள் சொன்னது
இந்தக் கார்டில் ஏறவில்லை.
அது என்னிடம்தான் இருக்கிறது.
அதுவும் தப்பாக இருக்குமோ என்று
முதல்தடவையாகப் பயந்தேன்.

ஓரத்தில் தேதி:
2012, ஜனவரி ஒன்று.
"தேதி தப்புக்கா, பேட்டரியக் கழட்டுனா இப்படித்தான் ஆகும்.
சாட்சிக்கு ஒத்துக்க மாட்டாங்க" என்றான்,
ரொம்ப வருத்தமாக.

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது.
ஒரு நிமிஷம் முழுசாக.

வெளியே தேனி பஸ்
வழிவிடாத எதற்கோ
ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது.

"பிரிண்ட் போடவாக்கா? ஒண்ணு இருபது ரூவா."

போடு.

"எத்தனை?"

ரெண்டு.